பக்கவாத்தியம் பேசிய ஞாயிற்றுக்கிழமை

2003ஆம் ஆண்டு வாக்கில், அலுவலகத்தில் என்னைவிட இருபது வயது மூத்தவர் ஒருவர், எதையும் விளக்காமல் ஒரு குறுந்தகட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன்மேல் மார்க்கர் பேனாவால் ‘லஃபாரோ, 25.6.61’ என்று மட்டும் எழுதியிருந்தது. அன்றிரவு அறையில் கணினியோடு இணைத்திருந்த, உள்ளங்கையளவே இருந்த இரண்டு ஸ்பீக்கர்களில் அதைப் போட்டுக் கேட்டேன். பியானோ கேட்டது. அதற்குப் பின்னால் கண்ணாடிக் குவளைகள் மோதிக்கொள்வதும், யாரோ சிரிப்பதும், பலர் ஒரே நேரத்தில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதும் கேட்டன. நட்சத்திர ஓட்டலின் வரவேற்புக்கூடத்தில், யாரும் கவனிக்காத மூலையில் சம்பளத்துக்கு வாசிக்கும் ஒருவரைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “ஹெட்போன் வச்சுக் கேளுங்க தம்பி, நீங்க பாதியத்தான் கேட்டிருக்கீங்க” என்றார்.

கணக்குப்படியும் அவர் சொன்னது சரிதான். வயலினின் வடிவில் ஆளுயரம் நிற்கும் டபுள் பேஸ் என்ற வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 அதிர்வுகளில் ஒலிக்கிறது. என்னுடைய ஸ்பீக்கர்களுக்கு அந்தப் பள்ளத்தில் இறங்கும் வலு இல்லை. மூன்று பேர் சேர்ந்து உண்டாக்கிய இசையில் ஒருவரை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிட்டு, மிச்சமிருந்த பியானோவையும் குவளைச் சத்தத்தையும் மட்டும் அவை எனக்குக் கொடுத்திருந்தன. ஹெட்போனில் கேட்டபோது பியானோவுக்குக் கீழே இன்னொரு மனிதர் இருப்பது தெரிந்தது. அவர் கீழே மட்டும் இருக்கவில்லை. சில இடங்களில் பியானோவின் குரல் எழும் உயரத்துக்கே ஏறிவந்து, அது சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டு, மறுபடியும் அடித்தளத்துக்கு இறங்கிப் போனார். குறுந்தகட்டில் பியானோக்காரரின் பெயர் எழுதப்படாததன் காரணம் அப்போது கொஞ்சம் புரிந்தது.

அது ஒரு ஜாஸ் கச்சேரி. பியானோ வாசித்தவர் பில் எவன்ஸ், வயது 31. டிரம்ஸ் பால் மோஷன், வயது 30. டபுள் பேஸ் ஸ்காட் லஃபாரோ, வயது 25. இடம், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் செவன்த் அவென்யூ சவுத்தில் 178ஆம் எண்ணுள்ள கட்டடத்தின் நிலவறையில் இயங்கும் வில்லேஜ் வேன்கார்ட். மாக்ஸ் கார்டன் 1935இல் தொடங்கிய அந்த விடுதி முக்கோண வடிவிலான ஓர் அறை; இன்றைக்கும் அதில் 123 பேருக்குத்தான் இடமுண்டு. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, அந்த மூவர் குழு அங்கே இரண்டு வாரங்கள் வாசித்துவந்ததன் கடைசி நாள். பிற்பகலில் இரண்டு அமர்வுகளும் இரவில் மூன்று அமர்வுகளுமாக ஐந்து முறை மேடையேறி, 13 பாடல்களை மொத்தம் 22 தடவை வாசித்தார்கள். அவை அத்தனையும் நாடாவில் பதிவாயின.

பதிவு செய்ய முடிவெடுத்தவர் ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ். எவன்ஸை ஸ்டூடியோவுக்குள் அழைத்துவருவது அவருக்கு எப்போதும் பெரும்பாடாகவே இருந்தது. வாசித்த எதிலும் குறை காணும் இயல்புடைய எவன்ஸ், புதிய இசைத்தட்டு என்றாலே தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பார். அதே ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி ‘எக்ஸ்புளோரேஷன்ஸ்’ இசைத்தட்டைப் பதிவு செய்த நாளில் எவன்ஸுக்குத் தலைவலி. லஃபாரோவின் சொந்த வாத்தியம் பழுதுபார்க்கப் போயிருந்ததால் அவர் கையில் இரவல் வாத்தியம். போதாக்குறைக்கு, எவன்ஸின் ஹெராயின் பழக்கத்தைக் குறித்து இருவருக்கும் வாக்குவாதம். அப்படியொரு நாளில் பிறந்த இசைத்தட்டு இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆயினும், இவர்கள் தினமும் வாசிக்கும் இடத்துக்கே கருவிகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் இந்தத் தொல்லைகள் இருக்காது என்று கீப்நியூஸ் கணக்குப் போட்டது இயல்பானதே. டேவ் ஜோன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் எடுத்துச் செல்லத்தக்க டேப் கருவியுடன் வந்து, நேரடியாக இரண்டே தடங்களில் பதிந்தார். பின்னால் உட்கார்ந்து பேஸை மட்டும் ஏற்றலாம், பேச்சுச் சத்தத்தை மட்டும் குறைக்கலாம் என்பதற்கெல்லாம் வழியே இல்லை. ஒலிவாங்கிகளை வைத்தபோது எது எவ்வளவு கேட்டதோ, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது அவ்வளவேதான் கேட்கிறது.

பேஸ் அதில் தெளிவாகக் கேட்கும்படி அமைந்தது நம்முடைய பாக்கியம். இதை உணர வேண்டுமானால், அதற்கு முன்பு ஜாஸில் பேஸ் வாத்தியக்காரரின் வேலை என்னவாக இருந்தது என்று சற்றுப் பார்க்க வேண்டும். பியானோ, பேஸ், டிரம்ஸ் என்ற மூவர் அமைப்பில் பேஸ் வாசிப்பவர் தாளத்தின் நான்கு எண்ணிக்கைகளுக்கும் ஒவ்வொரு ஸ்வரம் என்று நடந்துகொண்டே இருப்பார். ஜாஸ்காரர்கள் இதை ‘வாக்கிங்’ என்றே சொல்கிறார்கள். பாட்டு இப்போது எந்தக் கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் எந்த ஸ்வரக் கூட்டத்தில், நிற்கிறது என்பதை அந்த நடை காட்டிக்கொண்டே போகும். டிரம்ஸ்காரர் வலது கைப் பக்கமுள்ள சிம்பல் என்ற உலோகத் தட்டில் காலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டு தூண்களின்மேல் பியானோ தன் மனோதர்மத்தைக் காட்டும். இடையில் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் ஆளுக்கொரு தனி கிடைக்கும். சிறப்பாக வாசிக்கப்பட்டால் இதில் குறையொன்றுமில்லை. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டில் பேஸ் வாசித்த பால் சேம்பர்ஸ் நடந்த நடைக்கு இணையே கிடையாது.

எவன்ஸ் விரும்பியது வேறு. பேஸ் வாசிப்பவருக்கு ஒரு கருத்துத் தோன்றினால், அதை அடக்கிக்கொண்டு நான்கு எண்ணிக்கையைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் என்ன என்று அவர் நினைத்தார். முன்னால் ஒருவர், பின்னால் இருவர் என்றில்லாமல், மூவரும் ஒரே நேரத்தில் மனோதர்மத்தில் ஈடுபட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1959 டிசம்பர் 28இல் பதிவான ‘போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்’ இசைத்தட்டில், எல்லோரும் வாசித்துத் தேய்த்துவிட்ட ‘ஆட்டம் லீவ்ஸ்’ பாட்டின் நடுவில், பியானோவும் பேஸும் ஒருவர் சொல்லை ஒருவர் எடுத்துக்கொண்டு போகும் ஒரு பகுதி வருகிறது. அதில் யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்று சொல்ல முடியாது. வேன்கார்டில் ஒரு நாள் முழுவதும் நடந்தது அந்தப் பகுதியின் நீட்சியே.

நான் சிறுவயதில் நான்கு ஆண்டுகள் மிருதங்கம் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவன். என் ஆசிரியர் அடிக்கடி கடிந்துகொள்ளும் ஒரே விஷயம், நான் தாளத்துக்கு வாசிக்கிறேனே ஒழியப் பாட்டுக்கு வாசிப்பதில்லை என்பது. சாகித்யம் எங்கே நிற்கிறது, எங்கே இழுக்கிறது, எந்தச் சொல்லில் மூச்சு வாங்குகிறது என்று கேட்டு வாசிப்பதற்கும், ஆவர்த்தனத்தை நிரப்புவதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு அந்த வயதில் பிடிபடவில்லை. லஃபாரோவைக் கேட்டபோதுதான் பிடிபட்டது. ஆனால் ஒப்புமையை இதற்குமேல் நீட்டக் கூடாது. மிருதங்கம் எவ்வளவு பேசினாலும் பாடகரின் சுருதிக்கும் சங்கதிக்கும் உட்பட்டே பேசும். லஃபாரோவோ பியானோ போகும் திசையையே சில நேரம் மாற்றிவிடுகிறார். அவர் கார்டின் அடிப்படை ஸ்வரத்தை வாசிக்காமல் வேறொன்றை வைத்தவுடன், மேலே எவன்ஸ் வைத்திருக்கும் அதே விரல்களின் பொருள் மாறிப்போகிறது.

இந்தச் சுதந்திரத்துக்குக் கைவேலையும் காரணம். லஃபாரோ முதலில் கிளாரினெட்டும் டெனர் சாக்ஸபோனும் வாசித்தவர். கல்லூரிக்குப் போகும் வயதில்தான் பேஸைக் கையில் எடுத்தார். அதனால்தானோ என்னவோ, மூச்சுக் கருவிக்காரர்களைப்போல வாக்கிய வாக்கியமாகவே அவருக்கு இசை தோன்றுகிறது. வாத்தியத்தில் தந்திகளைத் தாங்கும் குதிரையை இறக்கித் தந்திகளைப் பலகைக்கு மிக அருகில் வைத்துக்கொண்டார். தந்தி தாழ்ந்தால் ஒலி சற்று மெலியும். ஆனால் விரல் விரைவாக ஓடும். வலது கையில் மற்றவர்கள் பெரும்பாலும் ஒரே விரலால் தந்தியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் இரண்டு விரல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார். அவரிடம் இருந்தது நியூ ஹாம்ப்ஷயரில் ஆபிரகாம் பிரெஸ்காட் என்பவர் 1825 வாக்கில் செய்த பழைய வாத்தியம். எவன்ஸ் குழுவில் இருந்துகொண்டே 1960 டிசம்பர் 21இல் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ பதிவிலும் வாசித்தார் என்பதைச் சேர்த்துக்கொண்டால், அந்த இளைஞரின் காது எவ்வளவு தூரத்துக்கு விரிந்திருந்தது என்பது விளங்கும். அது இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில் வாசித்த பதிவு. ஸ்டீரியோவில் ஒரு காதுக்கு ஒரு குழு. பேஸில் ஒரு பக்கம் லஃபாரோ, மறுபக்கம் சார்லி ஹேடன்.

கைவேகம் உள்ளவர்களிடம் எனக்கு எப்போதும் சிறிது சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’. 1949இல் வந்த ஒரு திரைப்படத்தின் பாட்டு. அன்று ஒரே ஒரு தடவைதான் வாசிக்கப்பட்டது. எவன்ஸ் மிக மெதுவாக, ஒவ்வொரு கார்டும் தேய்ந்து மறையும்வரை காத்திருந்து அடுத்ததை வைக்கிறார். மோஷன் பிரஷ்ஷால் தோலை வருடிக்கொண்டிருக்க, சிம்பலின் சிலிர்ப்பு ஓர் ஈரக் காற்றைப்போல அறை முழுவதும் பரவி நிற்கிறது. இங்கே லஃபாரோ ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. ஒரு தாழ்ந்த ஸ்வரம், நீண்ட இடைவெளி, மற்றொன்று. ஐந்து நிமிடத்தில் அவர் வாசிக்கும் ஸ்வரங்கள் மற்ற பாடல்களில் ஒரு நிமிடத்துக்குக்கூடப் போதாது. எவன்ஸின் இடது கை இறங்காத ஆழத்தில், சரியான கணத்துக்கு ஒரு நூலிழை தாமதமாக அந்த ஸ்வரங்கள் வந்து விழுகின்றன. எவ்வளவோ பேசத் தெரிந்தவர் அந்த ஐந்து நிமிடமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைக் கேட்ட பிறகு, அவருடைய வேகத்தையும் நான் மறுபேச்சில்லாமல் நம்பத் தொடங்கினேன்.

‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ இதற்கு நேரெதிர். எவன்ஸ் தன் அண்ணன் ஹாரியின் சிறு மகளுக்காக எழுதிய மூன்று எண்ணிக்கைப் பாட்டு. 1956இல் பதிவான தன் முதல் இசைத்தட்டில் அதை அவர் தனிப் பியானோவாக, ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மட்டும் வாசித்து நிறுத்தியிருந்தார். வேன்கார்டில் அது வளர்ந்து நிற்கிறது. தொடக்கத்தில் மோஷன் ஒதுங்கிக்கொள்ள, பியானோ குழந்தைப் பாட்டின் எளிமையோடு மெட்டைச் சொல்லும். பேஸ் அதற்கு அடியில் வேறொரு மெட்டை, அதுவும் தன் மேல்ஸ்தாயியில், பக்கத்திலேயே பாடிக்கொண்டு வரும். கேட்கும்போது இரண்டு மெட்டுகளில் எது முதலில் எழுதப்பட்டது என்று சந்தேகம் வரும் அளவுக்கு அவை பொருந்துகின்றன. மெட்டு முடிந்ததும் மோஷன் உள்ளே வர, தாளம் மூன்றிலிருந்து நான்குக்கு மாறி நடக்கத் தொடங்குகிறது.

நான் பலமுறை கேட்டும் அலுக்காத இன்னொன்று ‘சம் அதர் டைம்’. அதற்கு ஒரு முன்கதை உண்டு. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1944இல் ஒரு மேடை இசை நாடகத்துக்கு இசையமைத்த பாட்டு அது. 1958 டிசம்பரில் அதைப் பதிவு செய்ய உட்கார்ந்த எவன்ஸ், அதன் தொடக்கத்தில் ஊசலாடும் இரண்டே கார்டுகளில் மயங்கிப்போய், பாட்டுக்குள் போகாமலேயே அந்த ஊஞ்சலின்மேல் மனம் போனபடி வாசித்தார். அது ‘பீஸ் பீஸ்’ என்ற தனிப்படைப்பாயிற்று. நான்கு மாதங்களுக்குப் பிறகு, 1959 ஏப்ரல் 22இல் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவில் ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ தொடங்குவதும் அதே ஊஞ்சலில்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து வேன்கார்டில் எவன்ஸ் மூலப்பாட்டுக்கே திரும்பி வருகிறார். இந்த முறை ஊஞ்சலின் கீழ்க்கயிற்றைப் பிடித்திருப்பவர் லஃபாரோ. ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவரின் நிதானம் அந்த வாசிப்பில் இருக்கிறது.

மைல்ஸின் நிழல் அன்றைய பட்டியலில் வேறு இரண்டு இடங்களிலும் விழுகிறது. ‘மைல்ஸ்டோன்ஸ்’ இரண்டே ஸ்வரவரிசைகளை வைத்துக்கொண்டு 1958இல் அவர் எழுதியது. நம் காதுக்கு முதல் பகுதி கரகரப்பிரியாவின் ஸ்வரங்களாகவும் இரண்டாம் பகுதி நடபைரவியின் ஸ்வரங்களாகவும் கேட்கும். ஸ்வரங்கள் மட்டுமே, கமகமோ ராகத்தின் பிடிகளோ அதில் கிடையாது என்பதால் உடனே ‘இதுவும் நம் ராகம்தான்’ என்று கிளம்பிவிட வேண்டியதில்லை. கார்டுகள் மாறிக்கொண்டேயிராத அந்த வெட்டவெளியில் லஃபாரோ ஓடும் ஓட்டத்தைக் கேட்க வேண்டும். மற்றொன்று ‘சோலார்’. இதையும் மைல்ஸ் எழுதியதாகவே உலகம் நம்பியது. நியூயார்க்கில் அவருடைய கல்லறையில்கூட அதன் தொடக்க ஸ்வரங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1946இலேயே கிதார் கலைஞர் சக் வெய்ன் அதை வேறு பெயரில் வாசித்த பதிவு ஒன்று 2012இல் வெளிச்சத்துக்கு வந்தது. கல்லில் எழுதியதும் சில நேரம் பிழையாகிவிடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு லஃபாரோ நியூபோர்ட் ஜாஸ் விழாவில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் வாசித்தார். அடுத்த சில நாட்களில், ஜூலை 6 அதிகாலை, நியூயார்க் மாநிலத்தில் தான் வளர்ந்த ஜெனீவா நகருக்கு அருகே 20ஆம் எண் நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது அது மரத்தில் மோதி இறந்துபோனார். வேன்கார்டின் கடைசி அமர்வு முடிந்து பதினோரு நாட்கள்கூட நிறையவில்லை. காரில் இருந்த பிரெஸ்காட் வாத்தியமும் நொறுங்கியது; பல ஆண்டுகள் கழித்து அதைச் சீராக்கி மறுபடியும் ஒலிக்கச் செய்தார்கள். எவன்ஸ் சில மாதங்கள் மேடையேறவே இல்லை.

நாடாக்கள் மட்டும் இருந்தன. எவன்ஸும் கீப்நியூஸும் அவற்றைக் கேட்டு, லஃபாரோ மேலோங்கி நிற்கும் ஆறு வாசிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். லஃபாரோவே எழுதிய ‘கிளோரியாஸ் ஸ்டெப்’ முதலிலும் ‘ஜேட் விஷன்ஸ்’ கடைசியிலும் வர, அவர் பெயரை உறையிலேயே தனித்துக் குறிப்பிட்டு, ‘சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்’ அந்த ஆண்டிலேயே வெளிவந்தது. ஆகவே அது ஒரு நாளின் பதிவு என்று சொல்வது முழு உண்மையாகாது. இழப்புக்குப் பின் அந்த நாளைத் திரும்பிப் பார்த்தவர்கள் தொகுத்த நினைவு மலர் அது. அடுத்த ஆண்டு மற்ற ஆறு வாசிப்புகள் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ என்ற பெயரில் வந்தபோதுதான், அன்று நடந்ததில் மென்மையும் பியானோவின் தனிமையும் எவ்வளவு இருந்தன என்பது வெளிப்பட்டது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதலாவதில் லஃபாரோவைக் கவனியுங்கள் என்று யாரோ தோளைத் தட்டிக்கொண்டே இருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டாவதில் அவரை நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

2005இல் ஐந்து அமர்வுகளையும் நடந்த வரிசையிலேயே மூன்று தட்டுகளில் வெளியிட்டார்கள். சம்பளத்தில் கணிசமான பகுதியைக் கொடுத்து அதை வரவழைத்தேன். வீட்டில் விலையைச் சொல்லவில்லை. முதல் தட்டின் முதல் வாசிப்பு ‘கிளோரியாஸ் ஸ்டெப்’. நன்றாகத் தொடங்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒலி அறுபடுகிறது. மின்சாரம் போய்விட்டது! 1961ஆம் ஆண்டு நியூயார்க்கிலும் கச்சேரி நடுவில் கரண்ட் போகும் என்பதை அறிந்தபோது, நம்மூர் சபாக்களின்மேல் எனக்கிருந்த சில்லறைக் கோபங்கள் தணிந்தன. இதனால்தான் முதல் இசைத்தட்டில் அந்தப் பாட்டின் இரண்டாம் வாசிப்பு இடம்பெற்றது. ஐந்து தாள அளவுகள் (ஜாஸ்காரர்கள் ‘பார்’ என்பது), மறுபடியும் ஐந்து, அதன்பின் பத்து என்று இருபது அளவுகளில் சுற்றும் அந்தப் பாட்டை, அன்று அவர்கள் மூன்று தடவை வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேட்டால், லஃபாரோ தன் பாட்டிலேயே எதையும் மனப்பாடமாக வைத்திருக்கவில்லை என்பது தெரியும்.

அந்தத் தொகுப்பில் பாட்டல்லாத துண்டுகளும் உண்டு. ஒன்றில் இடைவேளை அறிவிப்பு. இன்னொன்றில், அடுத்து என்ன வாசிக்கலாம் என்று மேடையிலேயே மூவரும் பேசிக்கொள்கிறார்கள். பெரிய தீர்மானம் எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. ஆனாலும் ஜாஸ் வரலாற்றில் இவ்வளவு எழுதப்பட்ட ஒரு நாளின் நடுவில், எதை எடுக்கலாம் என்று தெரியாமல் நின்ற சில விநாடிகளும் பதிவாகியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சுற்றியிருந்தவர்களின் பேச்சுக்கு வருகிறேன். முதல் நாள் என்னை விரட்டியடித்த அந்தச் சத்தத்தைப் பற்றி ஜாஸ் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். இப்படியொரு வாசிப்பின்போது பேசிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருந்தவர்களை மன்னிக்கவே முடியாது என்பது ஒரு கட்சி. அந்தச் சத்தம் இல்லையென்றால் இந்த இசைக்கு இவ்வளவு அந்தரங்கம் வந்திருக்காது என்பது மறு கட்சி. நான் இரண்டிலும் சேரவில்லை. பிற்பகல் நேரத்தில், கோடைகால ஞாயிற்றுக்கிழமையில், ஒரு நிலவறைக்கு இறங்கிவந்து பானம் வாங்கியவர்களுக்கு இது வரலாறு என்று யார் சொன்னார்கள்? ஒரு வாரம் முன்பும் இவர்கள் அங்கேதான் வாசித்தார்கள். அடுத்த மாதமும் வாசிப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’டின் நடுவில் ஒரு குவளை மேசையில் வைக்கப்படும்போது, அந்த ஒலி எதற்கும் இடைஞ்சலாக எனக்கு இப்போது படுவதில்லை. எவன்ஸ் அதற்கும் சேர்த்தே காத்திருப்பதுபோலக்கூடச் சில நேரம் தோன்றும். அது என் கற்பனைதான்.

இதே நிலவறையில்தான் 1957 நவம்பர் 3இல் சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் பியானோவே இல்லாமல், பேஸும் டிரம்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு வாசித்ததை ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் பதிவு செய்தார். எவன்ஸுக்கு நான்கு மாதங்களுக்குப் பின், 1961 நவம்பரில் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான ஜான் கோல்ட்ரேன் அங்கே நான்கு இரவுகள் பதிவானபோது அவர் வாசித்த ஒரு பாடலின் பெயரே ‘இந்தியா’. மூன்று பதிவுகளையும் ஒரே நாளில் வரிசையாகக் கேட்டால், ஓர் அறைக்கென்று ஒரு குரல் உண்டு என்பதும், அந்தக் குரலை ஒவ்வொருவரும் எவ்வளவு வேறாகப் பயன்படுத்தினார்கள் என்பதும் காதுக்குத் தெரியும். கோல்ட்ரேன் அந்த முக்கோணத்தின் சுவர்களை இடித்துத் தள்ள முயல்கிறார். எவன்ஸ் குழு மேசைக்கு மேசை நகர்ந்து பேசுகிறது.

மூவரில் கடைசிவரை இருந்தவர் மோஷன். அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நானும் இத்தனை காலம் லஃபாரோவின் பக்கமே சாய்ந்துவிட்டேன். எவன்ஸும் லஃபாரோவும் தாளத்தை வெளிப்படையாகக் காட்டாமல் பேசிக்கொண்டிருக்க முடிந்ததற்கு, அதைத் தானும் காட்டாமல், அதே நேரத்தில் கைவிட்டும் விடாமல் பிடித்திருந்த மோஷனே காரணம். சிம்பலின்மேல் அவர் தொடும் இடமும் தொடாமல் விடும் இடமும் ஒரே கவனத்தோடு தீர்மானிக்கப்பட்டவை. எவன்ஸ் 1980 செப்டம்பர் 15இல், 51 வயதில் இறந்தார். மோஷன் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டோடும் தன் சொந்தக் குழுக்களோடும் வாசித்து, 2011 நவம்பர் 22இல் மறையும் ஆண்டுவரை அதே வேன்கார்டின் மேடையில் ஏறிக்கொண்டிருந்தார். முதன்முறை குறுந்தகட்டைப் போட்ட அந்த இரவில், என் ஸ்பீக்கர்கள் விழுங்காமல் கொடுத்த சிம்பல் ஒலியைக்கூட நான் குவளைச் சத்தத்தோடு சேர்த்துக் கணக்கில் வைத்திருக்கலாம் என்று இப்போது படுகிறது.

மூன்றாவது தட்டின் முடிவில் ‘ஜேட் விஷன்ஸ்’ அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. அன்றைய ஐந்தாம் அமர்வு. ஒரே நாளில் இருபது வாசிப்புகளை முடித்த கைகள். லஃபாரோ பேஸில் ஒன்றுக்கு மேற்பட்ட தந்திகளைச் சேர்த்து மீட்டிக் கார்டுகளாக வைக்கிறார். எவன்ஸ் அவற்றைத் தொடர்ந்து போகிறார். அன்று முழுவதும் மேலே பாடிக்கொண்டிருந்த பியானோ இங்கே பக்கவாத்தியம். ஒருமுறை வாசித்து முடித்தவுடன் மறுபடியும் முதலிலிருந்து அதையே வாசிக்கிறார்கள். இரண்டாம் முறை இன்னும் கொஞ்சம் நிதானமாக இருப்பதாக எனக்குத் தோன்றும். அதன்பின் ஒரு சிறு துண்டு மட்டும் மிச்சம். ‘கடைசியாகச் சில அளவுகள்’ என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவும் முடிந்த பிறகு நாடா நிற்கிறது.